பால்மரம் வெட்டும் பெண்ணின் வேலை உடை

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்கள்
20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி
பருத்தி: கைலி, ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு

ரப்பர் மரத்தில் பால் விடியற்காலையில்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் பெண்கள் இருட்டிலேயே சமைத்துவிட்டு, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டில் (காலை வருகைப் பதிவில்) பெயர் கொடுத்து, தங்கள் மர வரிசையான நிரைக்குப் போனார்கள்.

முழுக்கைச் சட்டை கொசுக்கடிக்கும் முட்செடிக்கும் தடுப்பு. பெரும்பாலும் அது கணவரின் பழைய சட்டை. தலைத்துண்டு மழைத்துளியையும் பால் சொட்டையும் தாங்கியது. துணியில் காய்ந்த ரப்பர் பால் எந்தச் சோப்புக்கும் போகாது, நாள்பட்டால் கறுத்துவிடும். ஆகவே வேலை உடை தனியாகக் கொடியில் தொங்கியது, வீட்டுக்குள் வரவில்லை. பட்டுப்புடவைகள் பெட்டியில் பத்திரமாக இருந்து கண்காட்சிக்கு வந்தன. வேலை உடைகளோ கிழிந்ததும் அடுப்படித் துணியாகிவிட்டன. உடைக் கண்காட்சிகளில் இவற்றை அதிகம் காண முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ரப்பருக்கு அடுத்து இந்த உடை எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கும் போனது. மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாக எண்ணெய்ப்பனை நடப்பட்டதும் இந்த வட்டாரத்தில்தான்: 1917, தென்னமரம் தோட்டம். பெயரில் தென்னை, மண்ணில் பனை! 1960களுக்குப் பின் ரப்பர் நிரைகள் பனைக்கு வழிவிட்டன. உதிரிப்பழம் பொறுக்கப் போன பெண்களும் இதே சட்டையைத்தான் போட்டார்கள். காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ் சேர்ந்தது.

உங்கள் வீட்டில் இப்படியொரு சட்டை மிஞ்சியிருந்தால், துவைக்காமல் வைத்திருங்கள்.