மொட்டை மாடியில் கரண்டு தயாரித்தால் ரூ.78 ஆயிரம்! வாடகைக்காரர் கதி என்ன?

சென்னை,-

வடாம் காய்ந்த மொட்டை மாடியில் இப்போது கரண்டு விளைகிறது. வீட்டு மாடியில் சூரிய ஒளித் தகடு போட்டால் ரூ.78 ஆயிரம் வரை மத்திய அரசு மானியம் தருகிறது.

ஆனால் அதே வீட்டில் பின் போர்ஷனில் குடியிருக்கும் வாடகைக்காரருக்கு? சுலபமாகக் கிடைக்காது!

'பி.எம். சூர்ய கர்' என்பது திட்டத்தின் பெயர். 2024-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி மத்திய மந்திரிசபை இதற்கு ஒப்புதல் கொடுத்தது. 1 கோடி வீடுகளுக்காக ரூ.75 ஆயிரத்து 21 கோடி ஒதுக்கப்பட்டது.

1 கிலோவாட் போட்டால் ரூ.30 ஆயிரம். 2 கிலோவாட்டுக்கு ரூ.60 ஆயிரம். 3 கிலோவாட்டுக்கு ரூ.78 ஆயிரம். அதோடு சரி. 10 கிலோவாட் போட்டாலும் அதே ரூ.78 ஆயிரம்தான்.

யாருக்கு லாபம்?

1 கிலோவாட் தகடு வைக்க சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். பக்கத்து வீட்டுத் தென்னை மர நிழலோ, தண்ணீர் டேங்க் நிழலோ விழக்கூடாது. நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட்டில் தினம் 4 யூனிட் பக்கம் கிடைக்கும். 3 கிலோவாட் என்றால் 2 மாதத்துக்கு சுமார் 700 யூனிட்.

2 மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எப்படி எகிறும் என்பது குடும்பத்தலைவர்களுக்குத் தெரியும். எனவே ஏ.சி. ஓடுகிற வீட்டுக்கு இது நல்ல லாபம். 100 யூனிட் இலவசம் போக, சிக்கனமாக 200 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் குடும்பத்துக்கு? போட்ட பணம் திரும்பவே பல வருஷம் ஆகும்.

பணத்தையும் முதலில் நாம்தான் போடவேண்டும். தகடு மாட்டி, போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் கணக்குப் பார்க்கும் நெட் மீட்டர் வைத்து, அதிகாரிகள் சரிபார்த்த பிறகே மானியம் பாங்கிக் கணக்குக்கு வரும். கையில் ரொக்கம் இல்லாதவர்களுக்கு 3 கிலோவாட் வரை ஈடு கேட்காமல் பாங்கிக் கடன் உண்டு. 2024-ல் அறிவித்தபோது வட்டி சுமார் 7 சதவீதம்.

"மானியத்தை நான் வாங்கித் தர்றேன், முன்பணம் குடுங்க" என்று யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள். மானியம் நேராக உங்கள் கணக்குக்குத்தான் வரும். நடுவில் ஆளே தேவையில்லை.

கரண்டு கட் ஆனால்?

பலரும் ஏமாறுவது இதில்தான். மாடியில் தகடு இருக்கிறது, வெயில் கொளுத்துகிறது, தெருவில் கரண்டு போனதும் நம் வீட்டு பேனும் நின்றுவிடும்! பாட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த இன்வெர்ட்டர், லைனில் கரண்டு போனதும் தானாக அணைந்துவிடும்.

காரணம் இருக்கிறது. பழுது பார்க்க லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். நம் மாடிக் கரண்டு அந்தக் கம்பியில் பாய்ந்தால் அவர் கதி அதோகதி. கட் நேரத்திலும் பேன் சுற்றவேண்டும் என்றால் பாட்டரிக்குத் தனியாகச் செலவு செய்யவேண்டும்.

கடைக்காரர்களுக்கு இந்த மானியம் கிடையாது. இது வீட்டு இணைப்புக்கு மட்டும்.

பிளாட்வாசிகளுக்குக் கொஞ்சம் வழி உண்டு. குடியிருப்போர் சங்கம் மனு போட்டால் லிப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு போன்ற பொதுச் செலவுக்கு கிலோவாட்டுக்கு ரூ.18 ஆயிரம் கிடைக்கும். மொட்டை மாடி யாருக்கு என்று கொடிக்கயிற்றுக்கே சண்டை போடுகிற சங்கங்கள் கையெழுத்துப் போடுமா என்பது வேறு விஷயம்!

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி கூடிச் செய்து காட்டியது. 2006-ல் ஊராட்சிப் பணத்தோடு பாங்கிக் கடனும் வாங்கி, ரூ.1½ கோடிக்கு மேல் போட்டு 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. காற்றாலை நின்றது ஊரில் அல்ல, காற்றடிக்கிற உடுமலைப்பேட்டை பக்கம். தேவைக்கு மேல் வந்த கரண்டை மின்வாரியத்துக்கு விற்றது.

தகடு ஒரு இடத்தில், பயன் பல வீட்டு மீட்டரில் என்ற முறையை டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே அனுமதித்தது. அந்த மாதிரி ஏற்பாடு இருந்தால்தான் சொந்த மாடி இல்லாதவருக்கும் பங்கு கிடைக்கும்.

சொந்த மாடி உள்ளவர்கள் மத்திய அரசின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். தகடு மாட்டும் கம்பெனி 5 வருஷம் பராமரிக்கவேண்டும் என்பது விதி. திட்டம் 2026-27 நிதி ஆண்டு வரைதான்.