நிலத்தை அளக்கும் கல்வி

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்தில் உள்ள குன்னத்தூரில் பள்ளிப் படிப்பை முடிக்கும் இளைஞருக்கு முதலில் கண்ணில் படுவது பனியன் கம்பெனி வேலை. வாரச் சம்பளம் உடனே கைக்கு வரும். படிப்போ ஆண்டுகளைக் கேட்கும். ஆயினும், அக்கம்பெனியின் கட்டடமும் அதற்குச் செல்லும் சாலையும் சாயக் கழிவுநீர்க் குழாயும் எழும்பும் முன்னரே, அந்நிலத்தில் முக்காலி நிறுத்தி அளந்து சென்றவர் ஒருவர் இருப்பார். அவர் கற்ற கல்வியே நில அளவையியல். குடிசார் பொறியியலின் முதற்படி அதுவே.

தமிழகத்தில் பொறியியற்கல்வி நில அளவையிலிருந்தே தோன்றியது. 1794 மே 17-இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையருகே மைக்கேல் டாப்பிங் என்னும் வானியலாளரின் முயற்சியால் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. அது 1858-இல் குடிசார் பொறியியல் பள்ளியாகவும் அடுத்த ஆண்டு கல்லூரியாகவும் வளர்ந்து, 1920-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய கிண்டிப் பொறியியற்கல்லூரி அதுவே.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டு விடலாம். அப்பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணத்தை எழுப்பலாம். இவ்வாறே நாடு முழுவதும் அளக்கப்பட்டது. கோணம் அளக்க அவர் கொண்டுசென்ற தியோடலைட்டு அரை டன் எடையுள்ளது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அதனை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்தது. பல வாரம் உழைத்து லாம்டனே அதனைச் செப்பனிட்டார். பதினோராம் வகுப்பில் கற்கும் சைன் விதியே அவர் கையாண்ட கணக்கின் உயிர்நாடி.

ஊரார் நிலத்தை இன்றும் சென்ட் கணக்கில்தான் பேசுகின்றனர். இந்த அளவும் சங்கிலிக் கணக்கோடு பொருந்துவதே. கண்டர் சங்கிலி 66 அடி நீளமும் நூறு கண்ணிகளும் உடையது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. ஒவ்வொரு புல எண்ணுக்கும் வரையப்பட்ட புலப்படத்தில், நிலம் மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டு, வளைந்த வரப்புகள் செங்குத்து அளவுகளால் குறிக்கப்பட்டிருக்கும். நான்கு பக்கங்களை மட்டும் அளந்தால் வடிவம் நெகிழும். மூலைவிட்டம் ஒன்றையும் சேர்த்து அளந்தால் உறுதிப்படும். எல்லைக்கல் ஓரடி நகர்ந்தால் உடன்பிறந்தோரே வழக்குமன்றம் ஏறும் ஊர்களில் இது சிறிய செய்தியன்று. உட்பிரிவு செய்யவரும் நில அளவரைச் சுற்றி இரு தரப்பாரும் மூச்சடக்கி நிற்பதை எந்தக் கிராமத்திலும் காணலாம்.

நீளத்தைவிட உயரம் நுட்பமானது. கண்ணுக்கு மேடாகத் தோன்றுவது அளவையில் பள்ளமாகலாம். கொத்தனார் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயால் கண்டறிவதையே, பொறியாளர் மட்டக்கருவியாலும் அளவுகோலாலும் நெடுந்தொலைவுக்குச் செய்கிறார். உயரம் 300.000 மீட்டர் எனத் தெரிந்த புள்ளியில் பின்நோக்கு அளவு 1.250 எனின், கருவியின் பார்வைக்கோடு 301.250 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடுத்த புள்ளியில் முன்நோக்கு அளவு 2.100 எனின், அதன் உயரம் 299.150. இவ்வாறு ஊரைச் சுற்றித் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து பார்க்க வேண்டும். முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள வேறுபாடே வேலையின் பிழை. அதனை மறைக்க இயலாது.

இக்கணக்கின் பயனைக் குன்னத்தூர்ப் பகுதி நேரிற் கண்டுள்ளது. வடக்கே பவானி, தெற்கே நொய்யல். இடைப்பட்ட மேட்டுநிலத்திற்கு ஆற்றுநீர் தானாக ஏறாது. 2024 ஆகஸ்டில் செயற்பாட்டுக்கு வந்த அத்திக்கடவு – அவிநாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்து பவானியின் உபரிநீர் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே மேலேற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்கு வழங்குகிறது. எந்த இடத்தில் எவ்வளவு உயரத்திற்கு நீரை ஏற்றுவது, எங்கிருந்து அது தானாக வழிந்தோடும் என்பதை முடிவு செய்தவை உயர அளவைகளே. பல தலைமுறைக் கோரிக்கை ஒன்று குழாயாக மாறிய இடம் அது.

இக்கல்வியைப் பெற நான்காண்டுப் பொறியியற்பட்டம் ஒன்றே வழியன்று. 1901-இல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் தோன்றிய கல்லூரி, உள்ளூர்த் தொழிலுக்கேற்ற குறுகிய காலப் படிப்பைத் தரும் சமுதாயக் கல்லூரிகளுக்கு முன்னோடியாயிற்று. இந்தியாவில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அத்தகைய கல்லூரியைத் தொடங்கியது. தமிழகத்தில் இவ்விடத்தைப் பெரிதும் நிரப்புவன பல்தொழில்நுட்பக் கல்லூரிகளே. பத்தாம் வகுப்பு முடித்தோர்க்கு அங்கே குடிசார் பொறியியல் பட்டயப்படிப்பு மூன்றாண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் உரிய பாடங்களைப் பயின்றோர் நேரடியாக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம்.

அங்கு வகுப்பறையைவிட வெயிலே பெரிய ஆசிரியர். ஒருவர் கருவியில் கண்வைக்க, ஒருவர் அளவுகோலைச் சாயாமல் பிடிக்க, இன்னொருவர் களக்குறிப்பேட்டில் எழுதுவார். பின் இடம் மாறிக்கொள்வர். கோணத்தையும் தொலைவையும் ஒருங்கே அளக்கும் டோட்டல் ஸ்டேஷனும், செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியும், ஆளில்லா வானூர்தியும் இன்று வந்துவிட்டன. லாம்டனுக்குப் பல வாரமான வேலை ஒரு முற்பகலில் முடிகிறது. ஆனால், வேலியோரப் புதருக்குள் புதைந்த பழைய எல்லைக்கல்லைத் தேடி எடுக்க இன்றும் மண்வெட்டியும், கல் எங்கே இருந்தது என்று சொல்லும் பக்கத்துத் தோட்டத்து முதியவருமே வேண்டியிருக்கின்றனர்.