பரம்பரைப் புற்றுநோய்: சாட்பாட் எதுவரை பேசலாம்?

ஆலோசகர் தட்டுப்பாடு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னையில் இருக்கிறது. பக்கத்திலேயே உள்ள சென்னை ஐ.ஐ.டி., 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மாதிரிகளை ஆராய்ந்து, 2025 பிப்ரவரியில் பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. மரபணுவைப் படிப்பது இப்படி எளிதாகி வந்தாலும், அதன் பொருளைக் குடும்பத்துக்கு விளக்கும் மரபணு ஆலோசகர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. இந்த வேலையில் ஒரு பகுதியைச் சாட்பாட்டிடம் ஒப்படைக்கலாம். எந்தப் பகுதி என்பதில்தான் கவனம் வேண்டும்.

மரபணுச் சோதனைக்கு முன்

புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் பரம்பரையாக வருபவை. பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் கேடான மாற்றம் உள்ள பெண்களில், 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய்க்கு 40 சதவீதத்துக்கும் மேல். இந்த மாற்றம் அம்மாவிடமிருந்தும் வரலாம், அப்பாவிடமிருந்தும் வரலாம். மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் குடும்ப வரலாறு கேட்டால் பலரும் அம்மா வழியோடு நிறுத்திவிடுகிறார்கள். அத்தைக்கு வந்ததா, எந்த வயதில் என்று சாட்பாட் விடாமல் கேட்கும். வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டு மறுநாள் பதில் சொன்னாலும் ஏற்கும். அமெரிக்காவின் யூட்டா, நியூயார்க் மருத்துவ மையங்களில் 3000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'பிரிட்ஜ்' ஆய்வு, சோதனைக்கு முந்தைய விளக்கத்தைச் சாட்பாட் மூலம் பெற்று முடித்தவர்களின் விகிதமும் ஆலோசகரிடம் பெற்று முடித்தவர்களின் விகிதமும் ஏறக்குறைய சமம் என்று காட்டியது. சாட்பாட் கூடுதலாக ஆட்களை ஈர்த்துவிடவில்லை. ஆலோசகரின் நேரத்தை மிச்சப்படுத்தியது. நமக்குத் தேவையும் அதுதான்.

முடிவு வந்தபின்

சோதனை முடிவு எப்போதும் 'உண்டு', 'இல்லை' என்று வருவதில்லை. 'கெடுதலா என்று உறுதியாகாத மாற்றம்' என்றும் வரும். உலகத் தரவுகளில் இந்தியர்களின் மரபணுக்கள் குறைவு என்பதால், நம்மிடம் இந்தக் குழப்பம் கூடுதல். அதைக் கேட்டுப் பதறி மார்பகத்தை அகற்றிக்கொள்வதும் தவறு. கேடான மாற்றம் உறுதியானபின் அலட்சியமாக இருப்பதும் தவறு. மகளின் திருமணம், தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று அடுத்தடுத்து எழும் கேள்விகளுக்கு எதிரில் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

ஆட்சேபங்கள்

இயந்திரம் தப்பாகச் சொல்லாதா என்று கேட்கலாம். நினைத்ததை எழுதும் பொதுவான செயலியிடம் கேட்டால் அந்த ஆபத்து நிச்சயம் உண்டு. மருத்துவர்கள் சரிபார்த்த பதில்களை மட்டும் தரும் சாட்பாட்டில் அது பெருமளவு குறையும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழ்க் குரலில் பேசும் வசதி வேண்டும். ரகசியம் குறித்த அச்சமும் நியாயமானதே: ஒருவர் தரும் விவரம் அவருடைய உறவினர்களையும் காட்டிக்கொடுக்கும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்புதல் முக்கிய அடிப்படை. விவரம் எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்பதை முதல் கேள்விக்கு முன்பே சாட்பாட் சொல்லியாக வேண்டும். இந்த நிபந்தனைகளை ஏற்கும் மருத்துவமனையில், ஆலோசகரைச் சந்திக்கும் முன் சாட்பாட்டிடம் குடும்ப வரலாற்றைத் தயங்காமல் சொல்லலாம். முடிவு வந்த நாளில் ஆலோசகரையே கேளுங்கள்.