நைல் நதியும் நீர்ப்பங்கீட்டுக் கணக்கும்

ஒரு நாட்டின் மலையிற் பிறந்து, வேறொரு நாட்டின் வயலிற் பாய்ந்து, மூன்றாம் நாட்டின் கரையிலே கடலோடு கலக்கும் நதிகள் உலகிற் பல. அவற்றின் நீரைப் பங்கிடுதல் அரசியலார்க்கே உரிய கருமம் எனப் பலரும் எண்ணுவர். ஆயின், பங்கீட்டுக்கு முன்னே நிற்பது கணக்கு. எவ்வளவு நீர் வரும் என்பதில் உடன்பாடு இல்லாதவிடத்து, அதனை எவ்வாறு பகிர்வது என்பதிலும் உடன்பாடு தோன்றாது. இதனை நைல் நதியின் வரலாறு நன்கு விளக்கும்.

வெண் நைல் ஆபிரிக்காவின் பேரேரிகளினின்றும் வருவது. நீல நைல் எதியோப்பிய மலைநாட்டுத் தானா ஏரியினின்றும் இறங்குவது. இரண்டும் சூடானின் கார்ட்டூம் நகரிற் கூடுகின்றன. எகிப்தை அடையும் நீரில் நூற்றுக்கு 85 பங்களவு எதியோப்பிய மலைகளிற் பெய்யும் மழையின் பயனாகும். எகிப்திலோ மழை அரிது. அந்நாட்டு உழவர்க்கு நதியே கதி.

1959ஆம் ஆண்டில் எகிப்தும் சூடானும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அஸ்வானில் ஆண்டுக்குச் சராசரி 8,400 கோடி கன மீற்றர் நீர் வரும் எனக் கொண்டு, 5,550 கோடியை எகிப்துக்கும் 1,850 கோடியைச் சூடானுக்கும் வகுத்து, எஞ்சிய 1,000 கோடியை ஆவியாதல் முதலிய இழப்புக்கென ஒதுக்கின. கூட்டிப் பார்த்தாற் கணக்குச் சரியே. ஆயினும் அதில் இரு குறைகள் உள. பெரும்பங்கு நீரைத் தரும் எதியோப்பியா அவ்வொப்பந்தத்திற் சேர்க்கப்படாமை ஒன்று. சராசரி என்பது நதி ஆண்டுதோறும் தவறாது தரும் அளவன்று என்பது மற்றொன்று.

இரண்டாவது குறையின் அடிப்படையை முன்னரே ஆராய்ந்தவர் ஹேர்ஸ்ற் என்னும் ஆங்கில அறிஞர். 1906இல் எகிப்துக்குச் சென்ற அவர், வாழ்நாளிற் பெரும்பகுதியை நைலின் நீரளவைக் கணிப்பதிலே செலவிட்டார். றோடாத் தீவில் 7ஆம் நூற்றாண்டு முதலாகப் பதியப்பட்ட நீர்மட்டங்களையும், மழையளவு, மரங்களின் ஆண்டு வளையங்கள் முதலியவற்றையும் ஒப்புநோக்கி, 1951இல் தம் முடிபை வெளியிட்டார்.

அம்முடிபை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 20 மூடை நெல் வேண்டும். வயலின் சராசரி விளைவும் 20 மூடையே எனக் கொள்வோம். நல்விளைவும் குறைவிளைவும் மாறிமாறி வருமாயின் சிறு களஞ்சியம் போதும். குறைவிளைவு ஐந்தாறு ஆண்டுகள் தொடருமாயின் அக்களஞ்சியம் வெறிதாகும். சராசரி இரண்டிடத்தும் ஒன்றே. வேண்டிய களஞ்சியமோ வேறு. நைலிலும் வறண்ட ஆண்டுகள் கூட்டமாகவே வருகின்றன. ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதன எனக் கொண்டு நூறாண்டுக்குக் கணிக்கும் தேக்கத்தினும், ஹேர்ஸ்ற் கண்ட விதிப்படி வேண்டுவது மூன்றிலொரு பங்களவு மிகையாகும். எண்கள் எழுதிய சீட்டுக்கட்டைக் கலைத்து இத்தகைய ஆண்டுத்தொடர்களை அவர் ஆக்கிப் பார்த்தார். இன்று கணினியில் அமைக்கப்படும் நதி மாதிரிகளும் வரக்கூடிய பல்வேறு நீர்வரவுகளை நிரைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் அணையில் நிற்பது எவ்வளவு, கீழ்நாட்டுக்குச் செல்வது எவ்வளவு எனக் காட்டுகின்றன.

1970இல் நிறைவெய்திய அஸ்வான் உயர் அணை 16,000 கோடி கன மீற்றர் அளவில் நீரைத் தேக்கவல்லது. எனினும் 1980களில் மழை தொடர்ந்து பொய்த்தபோது அதன் நீர்மட்டம் மிகத் தாழ்ந்தது. 1988இல் வந்த வெள்ளமே எகிப்தைக் காத்தது.

முதலாவது குறையும் இக்காலத்தில் வெளிப்பட்டது. 2011இல் எதியோப்பியா, சூடான் எல்லைக்கருகே நீல நைலின் குறுக்கே, 7,400 கோடி கன மீற்றர் கொள்ளும் பேரணையைக் கட்டத் தொடங்கி 2025 செப்ரெம்பரிற் திறந்துவைத்தது. அதன் நோக்கம் மின்னாக்கம். சுழலியைச் சுழற்றிய நீர் மீண்டும் நதியையே சேரும். ஆகவே நல்ல மழையாண்டில் வழக்குச் சிறிது. வறட்சி தொடரும்போது எவ்வளவு நீரை விடுதல் வேண்டும், பின்னர் அணையை நிரப்புங்கால் எவ்வளவை மறிக்கலாம் என்பனவே பெருவினாக்கள். 2015இல் மூன்று நாடுகளும் பொதுக் கோட்பாடுகளில் உடன்பட்டன. அணை திறக்கப்பட்ட வேளையிலும் வறட்சிக்கால விதியில் உடன்பட்டில.

வறட்சி எது என வரையறுப்பதற்கே மூவரும் ஒப்பும் அளவுகோல் வேண்டும். நாட்டுக்கொரு கணக்கு இருக்குமாயின் ஒவ்வொரு வறண்ட ஆண்டும் ஒரு புதிய பூசலாகும். மாறா எண்ணை எழுதிவைத்த ஒப்பந்தம், நீர் குறைந்த ஆண்டில் யாரேனும் ஒருவரைத் தாகத்தில் விடும். வரவுக்கேற்ப மாறும் விதியே நெடிது நிலைக்கும். கணக்கு தானே நீதியாகாது. எவர்க்கு எவ்வளவு இழப்பு என்பதை மறையாது காட்டுதல் அதன் பணி. அதனைக் கண்டபின் விட்டுக்கொடுத்தல் மனிதர் பணி.