வண்டல் மண்ணும் விளம்பரப் பலகையும்

தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் பிரயாணம் செய்வோர் கண்ணில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்னும் பலகை படாமற் போகாது. கடைக்காரர் கும்பகோணத்தைக் கண்ணால் கண்டவராக இருக்கவேண்டும் என்ற நியதியில்லை. பாலும் காப்பிக்கொட்டையும் அவ்வூரிலிருந்து வரவேண்டுமென்பதும் இல்லை. ஆயினும் பித்தளை டபராவும் தம்ளரும் அவ்வூர்ப் பெயரும் ஒன்று சேர்ந்தவுடன் வழிப்போக்கரின் கால் தானே நிற்கிறது. பெரும் பொருள் செலவிட்டுச் செய்யும் விளம்பரங்கள் சாதியாததை ஓர் ஊரின் பெயர் சாதித்துவிடுகிறது. இப்பெயருக்கு இத்தகைய வலிமையை ஈட்டித் தந்தவர் யார்? அவருக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? இவ்விரு கேள்விகளையும் இன்று வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

சித்திரத் தொழிலிலும் விளம்பரத் தொழிலிலும் புகும் இளைஞர் பலர் ‘புதிய கற்பனை தோன்றவில்லையே’ என்று குறைப்படுவதைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கூறும் காரணம் பல. அவர்கள் தேடும் இடமோ பெரும்பாலும் ஒன்றுதான். நியூயார்க்கிலும் லண்டனிலும் வெளியான விளம்பரங்களைப் புரட்டுகிறார்கள். அங்கே ஒரு மாது வாசனைத் திரவியத்தை எவ்விதம் ஏந்தினாளோ, அவ்விதமே இங்கும் ஒரு மாது ஏந்துகிறாள். உடை மட்டும் மாறுகிறது. இப்பொழுது அந்தச் சிரமமும் வேண்டாமென்று, கேட்ட மாத்திரத்தில் படம் எழுதிக் கொடுக்கும் இயந்திர அறிவும் வந்துவிட்டது. உலகத்தார் முன்பே எழுதியவற்றை அரைத்துப் பிசைந்து அது தருகிறது. பிறர் மென்றதை விழுங்கினால் பசி அடங்கலாம். உடம்பில் பலம் ஏறுமா? கற்பனை மண்ணில் ஊறும் ஊற்று என்பதே நமது அபிப்பிராயம். தோண்டுகிறவனுக்கே அது சுரக்கும்.

இதற்குத் தஞ்சை நாட்டில் சான்று தேடி அலையவேண்டியதில்லை. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்தே முதலில் உருவம் செய்கின்றனர். தென்னை ஓலையை நறுக்கி மடித்து, அம்மடிப்புகளைக் கொண்டே தலை முதல் பாதம் வரை அளவு குறிக்கின்றனர். மெழுகுருவத்தின்மேல் முதற்பூச்சாகப் பூசப்படுவது காவேரியின் மெல்லிய வண்டல். அதன்மேல் வயல் மண். அதன்மேல் மணல் கலந்த மண். காய்ந்தபின் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்தோடுகிறது. அது இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் பாய்கிறது. ஆறிய பின்பு மண்கூட்டை உடைத்தாலன்றி மூர்த்தி வெளிப்படாது. ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே படிமம். அடுத்த படிமத்திற்கு மறுபடியும் மெழுகிலிருந்தே தொடங்கவேண்டும். உலோகத்தின் நுட்பத்திற்கு மண்ணின் நுட்பமே ஆதாரம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்ப்புக்கும் அந்த ஆற்றின் மண்ணே கைகொடுத்தது. நெல்லை விளைவித்த அதே வண்டல்தான் நடராஜனையும் விளைவித்தது என்றால் மிகையாகாது.

மண்ணைப் போற்றுவதால் அயலிலிருந்து வருவனவற்றிற்குக் கதவடைக்கச் சொல்கிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம். தஞ்சை ஒருநாளும் கதவடைத்ததில்லை. ஐரோப்பியர் தோளில் சாய்த்து வாசித்த பிடிலை முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் கைக்கொண்டனர். தரையில் அமர்ந்து, நெஞ்சுக்கும் பாதத்துக்கும் இடையே நிறுத்தி, கமகத்திற்கு அதை இணங்கச் செய்தது நம் நாட்டு மரபு. இன்று பிடில் இல்லாத கச்சேரி அபூர்வம். மகாராஷ்டிரக் கீர்த்தனக்காரர் கொணர்ந்த கதைசொல்லும் முறையைத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்ச் செவிக்கும் கர்நாடக சங்கீதத்திற்கும் ஏற்ப அமைத்து ஹரிகதையாக வளர்த்தார். பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பசையால் மேடிட்டு, கற்கள் பதித்துத் தங்கரேக்கு ஒட்டும் தஞ்சாவூர்ப் படமும் மராட்டிய மன்னர் ஆதரவில் செழித்ததே. வந்ததை வாங்கித் தன் சாரத்தில் கரைத்துக்கொள்ளும் திறமைக்குச் சிருஷ்டி என்று பெயர். வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்வதற்குப் பெயர் வேறு.

‘ஸ்தபதியும் பாகவதரும் சரி, விளம்பரத்திற்கும் இம்மண்ணுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பவர் உளர். திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ். எஸ். வாசன் பத்திரிகை முதலாளியாவதற்கு முன் விளம்பரத் தொழில் செய்தவர். 1928-இல் ஆனந்த விகடனை வாங்கி வளர்த்த அவர், 1948-இல் ‘சந்திரலேகா’வை வெளியிட்டபோது செய்த விளம்பரம் தேசமெங்கும் பேசப்பட்டது. ஆனால் அந்த விளம்பரம் காட்டியது எதை? அரசர் கதையையும் முரசு நடனத்தையும் அல்லவா? கூத்துக் கொட்டகையிலும் திருவிழாக் கூட்டத்திலும் எது ஜனங்களை இழுக்கும் என்று அறிந்த மனத்தின் வேலை அது.

1924-இல் தஞ்சாவூரில் பிறந்த கோபுலு, கும்பகோணம் சித்திரக் கலாசாலையில் பயின்றவர். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் பூஜித்த ராமபட்டாபிஷேகப் படத்தை எழுதி வரும்படி ஓவியர் மாலி இளைஞரான அவரைப் பணித்தார். புகழ்பெற்ற சித்திரக்காரர் ஒருவர் தம் சீடருக்கு முதலில் காட்டிய பாடப்புத்தகம் ஒரு பழைய பூஜைப் படம் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். பின்னாளில் கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்குக் கோபுலு படம் எழுதினார். நாதசுரக்காரரின் அமர்வும் நாட்டியப் பெண்ணின் நிற்பும் அவருக்கு அந்நிய விஷயங்களல்ல. 1960களில் அவர் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். பிறகு சொந்தமாகவே ஒரு விளம்பர நிறுவனம் தொடங்கினார். வலக்கை நோயால் செயலற்றபோது இடக்கையால் வரையப் பழகினார். 2015-இல் மறைந்த அவருடைய கோடு கதைக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிந்ததில்லை.

மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் தொடராகத் தொடங்கியது. கோயிற் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கிடந்த பெயர்களே அக்கதையில் எழுந்து நடமாடின. 2022, 2023ஆம் ஆண்டுகளில் அது இரு பாகங்களாகத் திரையில் வந்தபோது, சோழர் பெயர் தேசமெங்கும் விளம்பரப் பலகைகளில் ஏறியது. கல்லில் எழுதியவன் ஒருவன், அதைப் படித்தவர் ஒருவர், விற்றவர் மற்றொருவர். இச்சங்கிலியில் முதற்கண்ணியை மறப்பதே நம் கவலைக்குக் காரணம்.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் அமலுக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் தஞ்சாவூர்ப் படம், கலைத்தட்டு, தலையாட்டிப் பொம்மை, வீணை, நெட்டி வேலை, சுவாமிமலைப் படிமம், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு ஆகியவை பதிவு பெற்றுள்ளன. 2025-இல் கும்பகோணம் வெற்றிலையும் சேர்ந்தது. பதிவு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்கது. எங்கோ ஓர் ஆலையில் வார்த்த பொம்மையைத் தஞ்சாவூர்ப் பொம்மை என்று பெயரிட்டு விற்றால் இச்சட்டம் தடுக்கும். ஆனால் அப்பொம்மையின் வடிவத்தை ஒரு விளம்பரக்காரர் வரைந்து சர்க்கரையோ சிமெண்டோ விற்பாராயின், இச்சட்டம் அவரைத் தொடாது. பதிப்புரிமைச் சட்டமோ ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரையில்தான் காவல் நிற்கும். பெயர் தெரியாத முன்னோர் வகுத்த உருவத்திற்கு அந்தக் காவலும் இல்லை.

இது குறையா என்றால், முழுவதும் குறையன்று. வடிவங்களுக்கு வேலியிட்டால் முதலில் வெளியே நிற்பவன் கும்பகோணத்து ஏழை மாணவனே. பொதுக்குளத்தில் எல்லாரும் நீர் முகக்கலாம், அது நியாயம். குளத்தைத் தூர்வாரும் கடமை மட்டும் ஒருவருக்கும் இல்லை என்பது நியாயமாகாது. பட்டறையில் இருப்பவர் தம் மகனை வேறு தொழிலுக்கு அனுப்ப எண்ணுவாராயின் அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ‘விளம்பரத்தில் உருவம் வந்தால் அவர்களுக்குத்தானே பெருமை’ என்பார்கள். பெருமை உலையில் கொதிக்காது. படத்தைப் பார்த்து மயங்கியவர் கடைக்குச் சென்று மலிவான போலியை வாங்கி வந்தால், பட்டறைக்கு வந்த லாபம் யாது?

ஆகவே சட்டம் விட்ட இடத்தை வழக்கம் நிரப்பவேண்டும். தஞ்சைக் கைத்தொழிலைக் காட்டி விளம்பரம் செய்கிறவர்கள், அப்பொருளைப் பட்டறையிலேயே விலைகொடுத்துச் செய்வித்து, செய்தவர் பெயரையும் ஓரத்தில் அச்சிடட்டும். சினிமாவிற்குப் பின்னணி பாடியவர் பெயரும் ஒருகாலத்தில் வெளிவராமல் இருந்ததுண்டு. இன்று அது வராவிட்டால் யார் பொறுப்பார்? பூம்புகார் விற்பனை நிலையங்களில் ஒவ்வொரு பொருளோடும் கைவினைஞர் பெயர் எழுதிய சீட்டு இணைக்கப்படவேண்டும். ஓவியமும் விளம்பரமும் கற்பிக்கும் கலாசாலைகள் தம் மாணவரை ஒரு மாதமேனும் சுவாமிமலையிலும் நாச்சியார்கோயிலிலும் மண் பிசைய விடவேண்டும். வாசகர்களும் நவராத்திரிக் கொலுவுக்கும் கல்யாணப் பரிசுக்கும் எதை எங்கே வாங்குகிறோம் என்று ஒரு கணம் சிந்திக்கவேண்டும்.

1010-இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் விமான மேல்தளத்தில் 108 நாட்டியக் கரணங்களுக்கு இடம் வகுத்த சிற்பிகள் 81 கரணங்களையே செதுக்கினர். எஞ்சிய 27 கற்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெறுமையாகவே நிற்கின்றன. வேலை நின்ற காரணம் எதுவாயினும், உளி பிடித்த கை விலகினால் சக்கரவர்த்தியின் கோயிலிலும் கல் கல்லாகவே நிற்கும் என்பதற்கு அவை சாட்சி. ஊரின் பெயரை வைத்துப் பிழைக்கும் நாம் அந்த ஊரின் கைகளைப் பிழைக்க வைப்போமாக.