பச்சரிசி மெல்லும் ஆசையும் ரத்தசோகையும்

அரிசி களையும்போதும் முறத்தில் புடைக்கும்போதும் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெண்கள் பல வீடுகளில் உண்டு. சிலருக்கு அரிசி, சிலருக்கு விபூதி, சாக்பீஸ், ஐஸ் கட்டி. "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை வரும்" என்று கேலி செய்து விட்டுவிடுகிறோம். இரும்புச்சத்து குறைந்த உடம்பில் இப்படிப்பட்ட ஆசை வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். அதைத் திட்டி நிறுத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் இரும்புச்சத்து ஏறினால் ஆசை தானாக அடங்கிவிடும். செய்ய வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரண்டில் ஒருவருக்கு இருப்பதாலேயே அது நோயாகக் கண்ணில் படுவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, மதியத்துக்கு மேல் கை கால் ஓய்ந்துபோகிறது. "வேலை அதிகம், வயசாகுது" என்று அவர்களே காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்தான் நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை உடம்பெங்கும் சுமந்து போகிறது. இரும்பு இல்லாமல் அது உருவாகாது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே போனால் ரத்தசோகை என்பது பொதுவான அளவுகோல். கீழ் இமையை இழுத்துப் பார்த்து வெளுத்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் சிவப்பாக இருப்பதை வைத்து ரத்தம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

பெண்களுக்கு ஏன் இவ்வளவு எளிதில் குறைகிறது? வரவு செலவைப் பாருங்கள். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது சுமார் 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பு. மாதத்துக்கு 30 முதல் 60. தோலிலும் குடலிலும் செல்கள் உதிர்வதிலேயே மாதம் 30 மில்லிகிராம் போய்விடும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிலக்கில் 80 மில்லிலிட்டர் போனால் இன்னொரு 40 காலி. மாதா மாதம் பற்றாக்குறை விழும்போது சேமிப்பு கரைகிறது. அது தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்குகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ, ஏழு நாளைத் தாண்டினாலோ அதற்கே தனியாக வைத்தியம் தேவை. இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் ஆண்டுக்கணக்கில் ரத்தம் இழக்கிறார்கள்.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறிவிடாது. அதில் இரும்பு குறைவு. கீரையிலும் கேழ்வரகிலும் இருக்கிறது, ஆனால் குடல் அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். சுவரொட்டி என்று கறிக்கடையில் கேட்டு வாங்கும் ஆட்டு மண்ணீரல், ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றின் இரும்பு நன்றாகச் சேரும். (கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது; அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.) சைவம் சாப்பிடுபவர்கள் சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் உறிஞ்சும் அளவு கூடும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பது இதற்கு நேர் எதிர். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ரத்தசோகை வந்துவிட்ட பிறகு உணவை மட்டும் நம்பியிருந்தால் சரியாக நெடுநாள் பிடிக்கும், மாத்திரை வேண்டும். டீயோடும் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கருப்பாகப் போகும், மலச்சிக்கல் வரலாம், வயிற்றைப் புரட்டலாம். இதைக் கண்டு பயந்து மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுபவர்கள் மிக அதிகம். மருத்துவரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்வதும் உண்டு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் சேமிப்பு நிரம்பும்.

எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும். இறைச்சி, மீன், முட்டையை அறவே தொடாதவர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களும் அதைச் சோதித்துக்கொள்ளலாம். பிறவியிலேயே வரும் தலசீமியாவில் இரும்பு மாத்திரை தீர்வாகாது. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு தொற்றினால் அது குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். பூச்சி மாத்திரை இல்லாமல் சத்து மாத்திரையால் மட்டும் பயனில்லை.

மிகவும் கவனிக்க வேண்டியவர்கள் ஆண்களும் மாதவிலக்கு நின்ற பெண்களும். மாதா மாதம் ரத்தம் போகாத உடம்பில் இரும்பு குறைகிறது என்றால், அது வேறெங்கோ கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். மூலம், வயிற்றுப்புண், மூட்டு வலிக்குத் தினமும் விழுங்கும் வலி மாத்திரை, குடல் புற்றுநோய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இவர்களுக்கு டானிக் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. காரணத்தைத் தேடி, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியும் செய்ய வேண்டும். தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு மலம் போனால் இரும்பு மாத்திரையால்தான் என்று எண்ணிக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.