கீரனூர் வட்டாரத்தில் தானாக வளரும் பயறினத் தாவரங்களின் தீவன மதிப்பு

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரனூர்ப் பகுதி, வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய் நீரையும் நம்பியுள்ள நிலப்பரப்பாகும். கோடையில் இங்கு மாடுகளுக்கு வைக்கோலே முதன்மைத் தீவனம். ஆடுகள் தரிசிலும் கண்மாய்க் கரைகளிலும் மேய்கின்றன. இத்தகைய நிலங்களில் விதைக்காமலே வளரும் பயறினத் தாவரங்கள் கால்நடைகளின் புரதக் குறையை எவ்வாறு ஈடுசெய்கின்றன, அவற்றின் மதிப்பை எவ்வாறு அளவிட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வைக்கோலும் பயறினத் தழையும்

நெல் வைக்கோலின் உலர் எடையில் கச்சாப் புரதம் 3 முதல் 4 விழுக்காடு வரையே உள்ளது. தீவனத்தில் இவ்வளவு ஏறத்தாழ 7 விழுக்காட்டிற்குக் கீழ் குறையும்போது, அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதுவதில்லை. நார்ப்பொருள் செரிப்பது தாழ்கிறது. விலங்கு உண்ணும் அளவும் குறைகிறது.

நரிப்பயறு, சங்குப்பூ முதலியன வேர்முடிச்சுப் பாக்டீரியாக்களின் துணையால் காற்றின் நைட்ரஜனைப் பெறுவதால் புரதம் மிகுந்தவை. சான்றாக, 16 விழுக்காடு புரதமுள்ள பயறினத் தழை ஒரு பங்கும் 4 விழுக்காடு புரதமுள்ள வைக்கோல் மூன்று பங்கும் உலர் எடையில் கலந்தால், கலவையின் புரதம் 7 விழுக்காடாகும். அதாவது, சிறிதளவு தழையே வைக்கோலின் பயனை உயர்த்தும்.

கச்சாப் புரதம் என்னும் அளவின் எல்லை

கச்சாப் புரதம் நேரடியாக அளக்கப்படுவதன்று. நைட்ரஜன் அளவை 6.25 ஆல் பெருக்கிக் கணிக்கப்படுவது. எனவே புரதமல்லாத நைட்ரஜனும் தீங்கு விளைக்கும் புரதமும் அதனுள் அடங்கிவிடுகின்றன. குன்றிமணி விதையின் கொடிய நஞ்சான அப்ரின் ஒரு புரதமே. பூனைக்காலி விதையிலுள்ள எல்-டோபா, புரதத்தில் சேராத அமினோ அமிலம். செப்புநெருஞ்சிலில் உள்ள இண்டோஸ்பிசினும் அத்தகையதே. ஆஸ்திரேலியாவில் இச்செடியை மிகுதியாக மேய்ந்த குதிரைகள் நரம்பு நோய்க்கு ஆளாயின.

டானினின் செயல் இருவகைப்பட்டது. செறிந்த டானின் உலர் எடையில் 2 முதல் 4 விழுக்காடு வரை இருப்பின், புரதம் முதல் இரைப்பையில் சிதையாமல் காக்கப்பட்டுச் சிறுகுடலைச் சென்றடைய உதவும். 5 விழுக்காட்டிற்கு மேற்பட்டால் உண்ணும் அளவும் செரிமானமும் குறையும். வெள்வேல், கருவேல் ஆகியவற்றின் தழையையும் காயையும் மதிப்பிடுகையில் இதனைக் கருத வேண்டும்.

பருவமும் விலங்கும்

ஒருபருவச் செடிகள் மழைக்குப் பின் தழைத்துக் கோடைக்குள் காய்ந்துவிடுகின்றன. அவை இல்லாத மாதங்களில் மரப்பயறினங்களே துணை. கொங்கு நாட்டுக் கொரங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லுடன் வெள்வேல் மரத்தையும் வளர்ப்பது இவ்வுண்மையை உணர்ந்த மேய்ச்சல் முறையாகும். ஒரே தழை எல்லா விலங்குக்கும் ஒரே மதிப்புடையதும் அன்று. டானின் மிகுந்த தழையைச் செம்மறியாட்டைவிட வெள்ளாடு பொதுவாக நன்கு ஏற்கும்.

முடிவுரை

புரத விழுக்காட்டை மட்டும் கொண்டு ஒரு தாவரத்தைச் சிறந்த தீவனம் எனப் பரிந்துரைப்பது, தீவனத்திற்காகக் கடன்பட இயலாத சிறு வளர்ப்போரின் கால்நடைகளை இடருக்கு உள்ளாக்கும். எந்தப் பகுதி, எந்தப் பருவம், எந்த விலங்கு, எவ்வளவு என்பனவும் உடன் பதிவு செய்யப்பட வேண்டும். ஆடு மேய்ப்போர் எச்செடியைத் தவிர்க்கின்றனர், எப்பருவத்தில் மந்தையை விலக்குகின்றனர் என்னும் வழக்காறுகளைத் தொகுத்து, பின்னர் ஆய்வகச் சோதனைக்குரியவற்றைத் தெரிவு செய்வதே இவ்வட்டாரத்திற்குப் பொருந்தும் ஆய்வு நெறியாகும்.